மூடியைத் திறக்கும் முறை

வான்கோழியை மெல்லிய சூட்டில் சமைப்பவர்கள் அதன் தோலைப் பற்றி நினைப்பதே இல்லை. கறி வெந்துவிடும், தோல் மட்டும் சைக்கிள் டியூப் மாதிரி இழுபடும். முழுப் பறவையைக் கரிப்புகை அடுப்பில் நல்ல சூட்டில் வைத்தால்தான் தோல் சருகு போல நொறுங்கும். விசாரிக்க வந்த நீங்கள் முதலில் அடுப்பைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அது இடுப்பளவு உயரமுள்ள இரும்புப் பீப்பாய். அடியில் கரி, அதற்கு மேல் கொழுப்பு சொட்ட ஒரு தட்டு, பிறகு கம்பிவலை, கடைசியில் மூடி. அடியிலும் மூடியிலும் காற்றுத் துளைகள் உண்டு. திறந்தால் நெருப்பு ஏறும், அடைத்தால் அடங்கும். பெரியப்பா விருந்துகளுக்குச் சமையல் ஒப்பந்தம் எடுக்க ஆரம்பித்தபோது, கைக்கு ஆள் போதவில்லை என்று பெரியம்மா என் படிப்பை நிறுத்தினாள். தாயில்லாப் பெண்ணை வைத்து வளர்க்கிறவர்கள் சொன்னால் கேட்க வேண்டும். கேட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் மகள் படித்தாள். அவளை நான் அக்கா என்பேன். அவள் கெட்டவள் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். யார் வந்தாலும் நான் கொல்லைப்பக்கம் நழுவிவிடுவதால் எனக்குப் பூனை என்று பெயர் வைத்தவள் அவள்தான்.

ஒரு விருந்தில் எங்கள் வான்கோழியைச் சாப்பிட்ட ஓட்டல்கார அம்மாள், அதைச் சமைத்த பெண்ணைத் தன் சமையலறைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். தங்குவதற்கு அறையும் உண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார். நான் என் துணிகளை மடித்து வைத்தேன். ஒரு பைகூட நிறையவில்லை.

"அந்தம்மா முன்னாடி இவ வாயத் திறப்பாளா?" என்றாள் பெரியம்மா. "பேரக் கேட்டாலே கதவுக்குப் பின்னாடி ஒளியறவ."

"சமைச்சது அவதானே," என்றார் பெரியப்பா.

"யாரு இல்லன்னா? அவ போயிட்டா நாளைக்கு அடுப்புகிட்ட யாரு நிப்பா, நீங்களா? முட்டை உடைக்கச் சொன்னாலே ஓடுதான் வந்து விழுது. நம்ம பொண்ணு போகட்டும். படிச்சவ, நாலு வார்த்தை எடுத்துச் சொன்னா எடுபடும்."

பெரியப்பா பேப்பரைத் திருப்பிக்கொண்டார். அக்கா என் தோளில் கை போட்டாள். "எல்லாத்தையும் சொல்லிக் குடு பூனை. பரீட்சைக்குப் படிக்கற மாதிரி மனப்பாடம் பண்ணிடறேன். அப்புறமா உன்னையும் அங்க கூப்பிட்டுக்கறேன், சரியா?"

"சரிக்கா," என்றேன்.

சொல்லிக்கொடுத்தேன். உப்புத் தடவித் தோல் உலரும்வரை குளிரில் வைப்பது. தோலுக்கும் சதைக்கும் நடுவே விரல் விட்டு வெண்ணெய் தள்ளுவது. தொடை தணல் மிகுந்த பக்கம், நெஞ்சு தள்ளி. வெந்ததா என்று பார்க்கும் கம்பியை எலும்பில் படாமல் குத்துவது. அவள் நடந்துகொண்டே ஒப்பித்தாள். நல்ல மூளை.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. அடைத்து வைத்த அடுப்பை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியை விரற்கடை தூக்கி, அது மூச்சுவிட்டு அடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். இதை நான் வார்த்தையாக யோசித்ததே இல்லை, கை தானாகச் செய்துவிடும். அதனால் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். பெரியப்பா நம்பினார். நீங்களும் தலையாட்டினீர்கள்.

ஞாயிறன்று, விருந்தாளி போகும்வரை முன்னால் வரக்கூடாது என்று எனக்கு உத்தரவு. கொடியில் காயும் போர்வைக்குப் பின்னால் நின்றேன். அக்கா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, ஒரு சொல் பிசகாமல் பேசினாள்.

"சூடு எக்கச்சக்கமா ஏறிட்டா என்ன பண்ணுவ?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"துளையை அடைச்சிடுவேன்."

"கெட்டிக்காரி. வாசனை ஆளத் தூக்குது. திற, பாக்கலாம்."

அக்கா நான் நின்ற பக்கம் பார்த்து லேசாகச் சிரித்தாள். பிறகு குனிந்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரப் போர்வையை உதறினால் வருமே, அவ்வளவுதான்.

கரிக்கு மேலுள்ள தட்டில் எப்போதும் தண்ணீர் இருக்கும், சொட்டும் கொழுப்பு பற்றிக்கொள்ளாமல் இருக்க. அன்று அதை நான் கொட்டிவிட்டேன். வாசலில் கார் நின்றதும் எல்லாத் துளைகளையும் அடைத்தேன். காற்றில்லாமல் உள்ளே அடங்கிய நெருப்பு, மூடி திறந்ததும் மேலே பாயும். அவள் முகம் மூடிக்கு நேராக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். குனிந்து, வாசனை பிடித்தபடி திறந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தாள். கழுத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னேன்.

ஓட்டல்கார அம்மாள் பிறகு வரவில்லை. என் பை இன்னும் கட்டிலடியில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பால் புகட்டுவது நான்தான். கண்கட்டு அவிழ்க்கவில்லை. அவிழ்த்தாலும் பெரிதாகப் பயனில்லை என்று டாக்டர் பெரியப்பாவிடம் சொன்னார். வேறு யார் தொட்டாலும் அவள் உடம்பு நடுங்குகிறது, என் கையை மட்டும் விடுவதில்லை.

"பூனை," என்றாள் நேற்று. "நான் எதையாவது தப்பாப் பண்ணிட்டேனா?"

"இல்லக்கா. எல்லாமே நான் சொல்லிக் குடுத்தபடிதான் செஞ்சே."

அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. நான் ஒருநாளும் அக்காவிடம் பொய் சொன்னதில்லை.