வீட்டில் கொண்டுவிடுகிறவன்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, விஸ்வநாதன் சார். அதனால் ஆபீஸ் பார்ட்டி என்றாலே கடைசியில் பெண்களை வீட்டில் கொண்டுவிடும் வேலை என் தலையில்தான் விழும். நானும் முகம் சுளித்ததில்லை. இருட்டின பிறகு டெல்லியில் ஒரு பெண் தனியாக ஆட்டோவில் போவதை யார்தான் விரும்புவார்கள்?

வக்கீலிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றீர்கள். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அகல்யா எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். திருச்சிப் பெண். எங்கள் ஆபீஸிலேயே வேலை பார்க்கும் பூங்கோதையோடு கரோல் பாக்கில் ஒரே அறையில் தங்கியிருந்தாள். இந்தி வராது. வீட்டுக்காரரிடம் பேச, கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவாள். நான் மோதி பாக்கில் பிறந்து வளர்ந்தவன், எனக்கு இந்திதான் சரளம். வாய் நிறைய "பிரதீப் அண்ணா" என்பாள். அது எனக்குப் பிடிக்கும்.

மானேஜர் மாற்றலாகிப் போகிறார் என்று ஒரு மொட்டைமாடி பாரில் பார்ட்டி வைத்தார்கள். பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. எல்லோரும் ஆட எழுந்தபோது அகல்யா என் காதருகே குனிந்து, "அண்ணா, என் கிளாஸைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள். பார்த்துக்கொண்டேன். வேறு யாரையும் தொட விடவில்லை.

திரும்பி வந்து குடித்தாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தோளைப் பிடித்து எழுப்பி நடத்திக்கொண்டு போனேன். லிஃப்ட் வாசலில் இருந்த காவலாளி, "பையா, மேடம் டீக் ஹை?" என்று, மேடத்துக்கு ஒன்றும் இல்லையே என்ற அக்கறையோடு கேட்டான். கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது என்றேன். சிரித்துக்கொண்டே வழிவிட்டான். அவன்மேல் தப்பில்லை. பாரில் ஒரு பெண் தள்ளாடினால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பூங்கோதை மட்டும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அவ லெமன் சோடாதானே குடிச்சா? எப்படி இப்படி ஆகும்?"

"மத்தியானத்திலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையாம். நான் கொண்டுவிடறேன், நீ இருந்து சாப்பிட்டுட்டு வா."

"நானும் வரேன்."

"வண்டி பூரா ஆபீஸ் சாமான்மா. இடமில்லை."

தயங்கி நின்றாள். அவளுக்கும் என்மேல் மரியாதை உண்டு. வண்டியில் சாமான் எதுவும் இல்லை.

நான் கரோல் பாக்குக்கு ஓட்டவில்லை. கோல் மார்க்கெட்டில் நண்பன் ஒருவனுடைய குவார்ட்டர்ஸ் காலியாக இருந்தது. சாவியை அந்த வாரத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்திருந்தேன். படியேறும்போது அவள் ஒரு தடவை கண்ணைத் திறந்தாள்.

"அண்ணா, வீடு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு" என்றேன்.

அவளுக்குச் சம்மதமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் அவள் இல்லை, வாஸ்தவம்தான். அந்த நிலைக்குக் கொண்டுவரத்தானே கிளாஸில் மருந்தைக் கலந்தேன். ஆனால் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நினைவு இருந்தால் அல்லவா வருத்தப்பட வேண்டும்? அவள் வருத்தப்படக் கூடாது என்பதில் நான் கவனமாகவே இருந்தேன்.

அவள் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பூங்கோதைதான். அணைத்துவிட்டேன். விடிவதற்கு முன் அறை வாசலில் கொண்டுவிட்டபோது, பூங்கோதை கதவைத் திறந்தாள். அகல்யாவைக் கட்டிப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்தது எனக்கு ஸ்டேஷனில்தான் தெரிந்தது. அகல்யா குளிக்கப் போனாளாம். பூங்கோதை, "இப்ப வேண்டாம், மொதல்ல ஆஸ்பத்திரி" என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். போட்டிருந்த துணியோடு அப்படியே கூட்டிப் போயிருக்கிறாள். ரத்தம், சிறுநீர் இரண்டையும் உடனே எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால்கூட ஒன்றும் தெரியாமல் போயிருக்கும். ரிப்போர்ட்டில் மருந்தின் பெயரே வந்துவிட்டது.

அகல்யாவின் புகாரையும் படித்தேன். ஞாபகம் இல்லாத இடத்தில் ஞாபகம் இல்லை என்றே சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. படியில் என்னிடம் கேட்டதும் நான் சொன்ன பதிலும் மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது.

ஏன் சார், பேனாவை மூடிவிட்டீர்கள்? நான் இன்னும் முடிக்கவில்லையே. எனக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். இவளுக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் இப்படி ஸ்டேஷனுக்குப் போகவில்லை. மறுநாள் எழுந்ததும், பத்திரமாகக் கொண்டுவந்து விட்டதற்கு தேங்க்ஸ் என்றுதான் மெசேஜ் அனுப்பினார்கள்.