மண்வெட்டி ஏறாத கூரை

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்காரர்கள் எதிரெதிரே வந்தால் முன்விளக்கை ஒருமுறை சிமிட்டிக்கொள்வார்கள், தம்பி. முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரிதான். வரும் வழியில் உங்கள் போலீஸ் ஜீப்புக்கும் சிமிட்டினேன். ஓட்டியவர் பதிலுக்குச் சிமிட்டவில்லை. பரவாயில்லை, வேலை மும்முரமாக இருந்திருக்கும்.

என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். கியாலோவைப் பற்றிப் பேச வேண்டும். முத்விரி வண்டியின் பிரேக்கைச் சரியாகப் போடவில்லை என்று அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். கியாலோ போட்ட பிரேக்கில் குறை இருக்காது. அவன் சொல்லும் ஜோக்கில்தான் குறை இருக்கும்.

எங்கள் கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். ஞாயிறுதோறும் லிமுரு மேட்டில் உள்ள கறிக்கடை முன்னால் கூடுவோம். ஆட்டுத் தொடை கரியில் வேகும்வரை எல்லோரும் பானெட்டைத் திறந்து வைத்திருப்போம். அடுத்தவர் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்ப்பது எங்களிடம் ஒரு மரியாதை. பார்க்காமல் போனால்தான் கோபம் வரும். நான் முப்பது வருஷம் உதிரிபாகக் கடை வைத்திருந்தவள். என் தலை எல்லா வண்டிக்குள்ளும் போய்வரும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சிம்பிரி பள்ளிக்கூட வாத்தியார். வண்டியின் புகைக்குழாயை ஊருக்கே சத்தம் கேட்கும்படி அகலப்படுத்தி வைத்திருக்கிறான். அவன் வீட்டில் கிளம்பும்போதே அங்கே கறிக்கடைக்காரர் உப்பை எடுத்து வைத்துவிடுவார்.

"வண்டி இருமுதுடா, இஞ்சி டீ ஊத்து," என்பான் கியாலோ.

"நீ மெக்கானிக்தானே, நீயே ஊத்தேன். உன் பொண்டாட்டி வண்டிய மட்டும் ஏன்டா அடுத்த பட்டறைக்கு அனுப்புற?" என்பான் சிம்பிரி.

என் வண்டி கிழட்டு வண்டி. முத்விரி அதைப் பற்றிச் சொன்னது இன்னும் ஊரில் நடமாடுகிறது. "அத்தை வண்டி மேட்டுல ஏறாது. மேடுதான் பாவம்னு இறங்கி வரும்." அதைக் கேட்டு நான்தான் அதிகம் சிரித்தேன். என் பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள். என்னைக் கேலி செய்ய வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

சாப்பிட்டபின் தேயிலைத் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள சேற்றுப் பாதையில் இறங்குவோம். யார் வண்டி புதைகிறதோ அதை மற்றவர்கள் கயிறு கட்டி இழுப்போம். இழுபட்ட வண்டியின் கூரையில் ஒரு மண்வெட்டியைக் கட்டிவிடுவோம். அடுத்தவன் புதையும்வரை அது இறங்காது. சிம்பிரி ஒரு மழைக்காலம் முழுக்கச் சுமந்தான். மைத்துனி கல்யாணத்துக்குப் பூமாலை கட்டிய வண்டியில் மண்வெட்டியோடு போனான். அடக்கம் யாருக்கு என்று பாதிரியார் விசாரித்தாராம்.

இன்னொரு விதியும் உண்டு. மண்வெட்டி கூரையில் இருக்கும்வரை வண்டியை விற்கக் கூடாது, கூட்டத்தை விட்டுப் போகவும் கூடாது. கியாலோவுக்கு ஒருமுறை ருவாண்டாவில் வேலை கிடைத்தது. மண்வெட்டி அவன் கூரையில் இருந்தது. வேறு யாரும் புதையவில்லை, மழையும் நின்றுவிட்டது. அவன் போகவில்லை. விளையாட்டு விதிதான், ஆனால் மீறியவர் கிடையாது.

முத்விரியின் கூரையில் மட்டும் அது ஏறியதே இல்லை. அப்படி ஓட்டுவான். ஈர வளைவில் நாமெல்லாம் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம், அவன் அழுத்துவான். "பின் சக்கரம் தள்ளிவிடும், நீங்க பயப்படாம ஒக்காருங்க," என்பான். தள்ளியும் விடும்.

ஏப்ரலில் அவனுக்கு மொம்பாசா துறைமுகத்தில் வேலை வந்தது. கறி வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். "அங்க சேறே கிடையாது அத்தே. வெறும் மணல். இந்த வண்டிய வச்சு நான் என்ன பண்ண, மீன் காயப் போடவா?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிறுதான் அவனுக்குக் கடைசி. திங்களன்று திக்காவிலிருந்து ஒருவர் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

இந்த வண்டிகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு டயர் போனால் நாலையும் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, மூன்று பழையது என்று ஓட்டினால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்துவிடும். ஒருவன் எழுந்து போய்விட்ட மேஜையும் அப்படித்தான். முதலில் கத்தாரில் வேலை என்று ஒருவன் போனான். பிறகு கிசுமுவுக்கு ஒருவன். ஒவ்வொருவன் போனபிறகும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. இதை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

முத்விரி வண்டியில் பானெட்டுக்குள் ஒரு காலிக் குழி உண்டு, தம்பி. பட்டறையில் சோதிப்பதற்காக விட்ட குழி. அதில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு ஃப்யூஸைச் செருகினால் பின் சக்கரங்களுக்கு இழுவை போகாது. முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். தார் ரோட்டில் நேராகப் போனால் ஒன்றும் தெரியாது. டாஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு எரியும், ஆனால் முத்விரியின் டாஷ்போர்டில் பாதி விளக்கு செத்துப்போனவை. கரண்டு போன தெரு மாதிரி இருக்கிறது என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு அவன் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஃப்யூஸைச் செருகினேன். சேற்றில் இறங்குவான், புதைவான், இழுப்போம், மண்வெட்டி ஏறும். விதி விதிதானே. அவ்வளவுதான் என் மனசில் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. பானெட்டுகளை மூடினார்கள். அப்போதுதான் முத்விரி, சேற்றுப் பக்கம் வரவில்லை, மூட்டை கட்ட வேண்டும், மலைப்பாதை வழியாக நைவாஷாவில் உள்ள வீட்டுக்குப் போகிறேன் என்றான். நீங்கள் அந்தப் பாதையில் போயிருப்பீர்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு.

"பயந்துட்டான்டா. கடைசி நாள்ல கூரை அசிங்கமாயிடும்னு பயம்," என்றான் சிம்பிரி.

முத்விரி என்னைப் பார்த்தான். "அத்தே, நீங்களே சொல்லுங்க, நான் பயந்தவனா?"

"பயந்தவன்தான். போ போ, உன் பொண்டாட்டி கரிமி தேடுவா," என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. நானும் யோசித்தேன், யோசிக்காமல் இல்லை. சொல்லியிருந்தால் ஃப்யூஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பான், கோபத்தோடு வேறு போயிருப்பான். திங்கட்கிழமை வண்டியும் இல்லை, அவனும் இல்லை. அத்தனை பேரும் அவ்வளவு நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்த நேரம். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. ஈர வளைவில் அவன் காலை அழுத்துவான் என்று தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததுதான் அது. பின் சக்கரம் தள்ளாது என்பது எனக்கு மட்டும் தெரியும். மலைப்பக்கத்துச் சாக்கடையில் இறங்கி நின்றாலும் போதும், இழுத்தால் இழுத்ததுதான், மண்வெட்டி ஏறிவிடும் என்று கணக்குப் போட்டேன். கயிறு என் வண்டியில் இருந்தது. பின்னாலேயே போனேன். அவனைத் தனியாக விடவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் மறுபக்கம் போனான்.

பள்ளத்தில் முதலில் இறங்கியது நான்தான். வண்டி ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. உள்ளேயிருந்து "அத்தே, அத்தே" என்று கூப்பிட்டான். "இரு கண்ணு, வரேன்," என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனேன். பானெட் பாதி பிய்ந்திருந்தது, கை நுழைந்தது. ஃப்யூஸை எடுத்துக்கொண்ட பிறகு அவன் பக்கம் போனேன். அதற்குள் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான். மயக்கம்தான். கால்கள் போனது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

அவன் எங்கும் போகவில்லை. இப்போது கூட்டம் அவன் வீட்டு முற்றத்தில்தான் கூடுகிறது. கிசுமுவுக்குப் போனவன்கூட இரண்டு முறை வந்துவிட்டான். கறியை நாங்களே சுடுகிறோம். சக்கர நாற்காலியின் முதுகில் மண்வெட்டியைக் கட்டினோம், அது என் யோசனை. அவன் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. "வண்டி ஓட்டுற கை போச்சு அத்தே. அந்த வளைவு எனக்கு மனப்பாடம், எப்படித் தவறவிட்டேன்னே தெரியல," என்று ஒருநாள் சொன்னான். "கை இல்லடா, வயசு," என்று முதுகில் தட்டினேன். கரிமி எங்களுக்குத் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அலைச்சல், பாவம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கரிமியின் அண்ணன் பிரேக்கைப் பற்றிப் புகார் கொடுக்கும்வரை. கியாலோதான் விபத்துக்கு முந்தின நாள் பிரேக் மாற்றினவன். சிம்பிரி அவன் கையிலிருந்து தட்டை வாங்க மறுத்தான். "அவன் தொட்டதை நான் தொட மாட்டேன்," என்றான். சிரித்துச் சொல்வான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. முத்விரி தலையைத் திருப்பிக்கொண்டான். அப்புறம் நீங்கள் கியாலோவைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். போன ஞாயிறு யாரும் யாரையும் கேலி செய்யவில்லை, தம்பி. கறி ஆறிப்போனது. நான் என் வண்டியைப் பற்றி நானே ஒரு ஜோக் சொன்னேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். செருகியது நான், எடுத்தது நான், போ என்று அனுப்பியதும் நான். கியாலோவின் கை இதில் படவில்லை. அவனை இன்றைக்கே விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிடுவான். நானும் அதற்குள் திரும்பிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். விஷயத்தை அவர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் வாயில் அது வேறு மாதிரிக் கேட்கும். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். சிம்பிரி கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். முத்விரிதான் முதலில் சிரிப்பான்.