விளக்குப் பெட்டி

காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே என் நாடியைப் பார்த்துக்கொள்வது இருபது வருடப் பழக்கம். எழுபத்திரண்டு. காய்ச்சல் கண்டால் கொஞ்சம் ஏறும், மற்றபடி அதே எண்தான். இன்று உங்கள் ஸ்டேஷன் பெஞ்சிலும் பார்த்தேன். ஏட்டையா நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக் கையைத் தட்டிவிட்டார்.

என் பெயர் அங்கமுத்து. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில், மூட்டுவலிக்காரர்களுக்கு அகச்சிவப்பு விளக்குச் சூடு வைக்கும் உதவியாளாக இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் அதை விட்டுவிட்டு, அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். வரும்போது நான்கு பழைய விளக்குகளை வாங்கிவந்து ஓர் அறையில் வைத்தேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் வருவார்கள். ஊரில் என்னை விளக்கு டாக்டர் என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

சின்னதுரை என் அண்ணன் மகன். அண்ணன் இறந்து ஆறு வருடமாகிறது. எங்கள் நிலம் நான்கு ஏக்கரும் சுரங்கத்துக்குப் போனது. நிலம் கொடுத்த பட்டாவுக்கு ஓர் ஆள் என்று சிமெண்டு ஆலையில் வேலை கொடுத்தார்கள். நிலம் எங்கள் இருவருக்கும் பொது. ஆனால் பட்டா அண்ணன் பேரில் மட்டும் இருந்தது. நம் அண்ணன்தானே என்று திருச்சியில் இருந்த நான் பேரைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன். அதனால் வேலை சின்னதுரைக்கு என்று ஆனது. என் மகன் தர்மன் பி.யூ.சி. பாஸாகி ஐந்து வருடமாக டீக்கடை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

வேலை சூளைப் பிரிவில். அங்கே அனல் அதிகம் என்பதால் முதலில் உடம்பைச் சோதிப்பார்கள். ஸ்டூலில் ஐந்து நிமிடம் ஏறி இறங்க வேண்டும். மூன்று நிமிடம் கழித்து நாடி பார்ப்பார்கள். நூற்றுக்குக் கீழே வராதவனுக்கு வேலை இல்லை. அண்ணி பொன்னாயி சின்னதுரையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, நாலு படி ஏறினாலே இவனுக்கு மூச்சு வாங்குது. நீங்கதான் தேத்தி வுடணும். ஒங்கள வுட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

நான் செய்து தருகிறேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

மரச்சட்டம் அடித்து, உள்ளே தகரம் பதித்து, ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு பெட்டி செய்தேன். நான்கு மூலையிலும் நான்கு விளக்குகள். அவன் உள்ளே பஸ்கி எடுப்பான். கதவில் இடுப்பு உயரத்தில் ஒரு துவாரம் வைத்தேன். சொன்னதும் இடது கையை அதன் வழியே வெளியே நீட்ட வேண்டும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து, என் பழைய வாட்சைப் பார்த்து எண்ணி, நோட்டில் எழுதுவேன். சூட்டில் பலகை வளைந்து கதவு தானாகத் திறந்துகொண்டது. அதற்காகத்தான் வெளியே கொக்கி போட்டேன், வேறு எதற்கும் இல்லை.

முதல் நாள் இருபது பஸ்கி, நூற்று எழுபத்திரண்டு. மூன்று நிமிடம் கழித்தும் நூற்று முப்பத்தெட்டு. வெளியே வந்ததும் உப்புப் போட்ட மோர் கொடுப்பேன். இரண்டே வாரத்தில் அவன் இதயம் பழகிவிட்டது. பதினான்காம் நாள் நாற்பது பஸ்கிக்குப் பிறகு எண்பத்தெட்டுக்கு இறங்கியது.

"பாஸாயிட்டனா சித்தப்பா?"

"பாஸ்தான்டா."

"மொத மாசச் சம்பளத்துல ஒங்களுக்கு ஒரு வாட்ச் வாங்கித் தரேன். இது ஒங்கள வுடக் கெழடாயிடுச்சு."

சிரித்தேன். நல்ல பையன்தான்.

எண்பத்தெட்டு வந்துவிட்டதே, திங்கட்கிழமை சோதனைக்கு ஞாயிற்றுக்கிழமை ஏன் மறுபடி கூப்பிட்டாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சூளையின் அனல் என் பெட்டியை விட அதிகமாயிற்றே என்று நினைத்தேன். சனிக்கிழமை திருச்சிக்குப் போய் இன்னும் இரண்டு விளக்குகள் வாங்கிவந்தேன். ரசீது உங்கள் மேஜையில் இருக்கிறது. வெறும் வயிற்றோடு வா, தண்ணீரும் குடிக்காதே என்று சொல்லியிருந்தேன். சொன்னால் அப்படியே கேட்பான். அன்று நான் மோர் கலக்கவில்லை.

சித்திரை மாதம், பகல் பன்னிரண்டு மணி. நாற்பது பஸ்கிக்கு நூற்றெண்பது. இன்னும் நாற்பது என்றேன். இரண்டாம் முறை கை வெளியே வந்தபோது வியர்வை இல்லை. தோல் காய்ந்து கொதித்தது. தோல் காய்ந்தால் உடனே விளக்கை அணைக்க வேண்டும். திருச்சியில் புதிதாக வந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"சித்தப்பா, தல சுத்துது. கதவத் தொறங்க."

"இன்னும் கொஞ்சம்தான்டா. கைய எடுக்காத."

கையை எடுக்கவில்லை. என் விரல்களைப் பிடித்துக்கொண்டான். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். நாடி எண்ண முடியாத வேகத்தில் போய், பிறகு விட்டுவிட்டு அடித்தது. ஒவ்வொரு நிமிடமாக எழுதினேன். பதினோராம் நிமிடத்தில் எழுத ஒன்றும் இல்லை. அதன்பிறகுதான் விளக்கை அணைத்துக் கொக்கியை எடுத்தேன். புது விளக்குகளைக் கழற்றிப் பரணில் வைத்தேன். அவன்மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சத்தம் போட்டேன். வெயிலில் ஓடிவிட்டு வந்து விழுந்தான் என்று சொன்னேன். விளக்கு டாக்டர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவனும் இல்லை. அதனால் தர்மன் கொள்ளி வைத்தான். கொள்ளி வைத்தவன் அந்த வீட்டுப் பிள்ளை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கருமாதி அன்று அண்ணி எல்லார் முன்னாலும் சொன்னார்.

"எம் மவனுக்குச் செய்ய வேண்டியத செஞ்சவன் தர்மன்தான். அந்த வேலைக்கு அவனே போவட்டும்."

தாளில் கைநாட்டும் வைத்தார். நான் வாய் திறந்து கேட்கவில்லை. இப்படி நடக்கும் என்று முன்பே தெரியுமா என்றீர்கள். இந்த வழக்கம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

நோட்டு எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் சொல்லவில்லை. தர்மன்தான் கொண்டுவந்து கொடுத்திருப்பான். சோதனைக்குத் தானும் பழகலாம் என்று எடுத்துப் புரட்டியிருப்பான். போன வாரம் முழுக்க அவன் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. வேலை பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொக்கியை எடுத்திருக்கலாம். கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கக்கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கொலை என்று எழுதாதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடைசி வரியை நீங்கள் படிக்கவில்லை போலிருக்கிறது. அவன் விரல்களை என் கையிலிருந்து பிரித்தெடுத்த பிறகு, என் நாடியையும் பார்த்து எழுதியிருக்கிறேன். எழுபத்திரண்டு. கொலை செய்தவனுக்கு அப்படி இருக்குமா, ஐயா?