மே/பா வெண்களி

இந்த இதழ் ஐந்து மாதம் தாமதமாக வருகிறது, வருந்துகிறேன். சிற்றிதழ் நேரத்துக்கு வந்தால்தான் வாசகர்கள் பதறுவார்கள், ஆகவே நீங்கள் கவலைப்பட்டிருக்க மாட்டீர்கள். இம்முறை காரணம் அச்சகம் அல்ல. நம் கவிஞர் அர்ச்சுனன் இறந்துவிட்டார். அதில் ஆசிரியர் என்ற முறையில் எனக்குள்ள பங்கை இந்தத் தலையங்கத்தில் பதிவு செய்கிறேன்.

விருத்தாசலத்தில் என் மாமாவின் பீங்கான் பொம்மைப் பட்டறையில், சூளைக்குப் பக்கத்து அறைதான் ‘வெண்களி’ அலுவலகம். கல்லூரியில் படிக்கும்போது தொடங்கினேன். அரியர் இன்னும் முடியவில்லை. இதழ் பதினொன்று வந்துவிட்டது.

அர்ச்சுனன் அண்ணன் கம்மாபுரம் பக்கத்து விவசாயி. முதலில் நிலா, மழை, மல்லாட்டை விளைந்த கொல்லை என்று எழுதி அனுப்புவார். அத்தனையும் மட்டம். பிறகு நிலக்கரிச் சுரங்கத்துக்காக அவர் நிலமும் வீடும் போயின. அடுத்த வாரமே ஒரு கவிதை வந்தது: இடித்த வீட்டின் கதவை மொபெட்டில் கட்டிக்கொண்டு, அதற்கு ஒரு வீடு தேடி அலைகிறவனைப் பற்றி. படித்து முடிப்பதற்குள் என் டீ ஆறிவிட்டது.

வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்ததால், நிலத்துக்கு ஈடாகச் சுரங்க நிறுவனம் தரும் வேலைக்கு மனுப் போட்டபோது எங்கள் முகவரியைக் கொடுத்திருந்தார்: மே/பா வெண்களி. முதல் கடிதம் வந்தது. பிரித்தேன். சான்றிதழ்களோடு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு நிலாதான் கண்முன் வந்தது. வேலை கிடைத்த மறுநாளே மனிதர் மறுபடி நிலாவை எழுதுவார். கடிதத்தை எரிந்துகொண்டிருந்த சூளையில் போட்டேன்.

திங்கள்தோறும் அவர் வருவார்.

“தபாலு ஏதாச்சும் வந்துச்சா தம்பி? நான் மனுவே போடலைன்னு வூட்ல பூங்கோதை சண்ட புடிக்குது.”

“வரலைங்கண்ணே. கவிதை வந்துச்சா?”

“அது ஒண்ணுதான் வருது.”

ஒன்றைவிட ஒன்று நன்றாக வந்தது. நீங்களே பாராட்டி எழுதினீர்கள். அந்தக் கடிதங்களை மட்டும் அவரிடம் தவறாமல் கொடுத்தேன். வேலைக்கான இரண்டாவது கடிதமும் சூளைக்குப் போனது. மூன்றாவது பதிவுத் தபால், கடைசி வாய்ப்பு. கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

கெடு முடிந்தபின் அவரே நேரில் போய் விசாரித்திருக்கிறார். ஒப்புகை அட்டையின் ஜெராக்ஸோடு வந்தார்.

“இது ஒன் கையெழுத்துதான தம்பி?”

“ஆமாங்கண்ணே.”

“ஏன்டா?”

“வேலைக்குப் போயிட்டா நீங்க எழுத மாட்டீங்க.”

வெகுநேரம் சூளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதையும் எழுதிக் குடுங்கண்ணே, முதல் பக்கத்துல போடறேன்” என்றேன்.

அவர் சிரித்த மாதிரிதான் இருந்தது. போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. மறுநாள் சேத்தியாத்தோப்புப் பாலத்தின்மேல் அவர் செருப்பு இருந்தது. அவர் கீழே வெள்ளாற்றில் இருந்தார்.

அவர் மனைவி பூங்கோதை அக்காவுக்கு அந்த அட்டை பற்றித் தெரியாது. கணவரின் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசிப் பக்கங்களில் வேறு கையெழுத்து.

“நானும் சும்மா கிறுக்கனேன் தம்பி. சிரிக்காதீங்க.”

நான் சிரிக்கவில்லை. அண்ணனைவிட நன்றாக எழுதுகிறார். இந்த இதழில் அவருடைய மூன்று கவிதைகள் உள்ளன.

அந்த வேலையைத் தனக்காவது தரும்படி அக்கா மனுப் போட்டிருந்தார். பதில் போன வாரம் வந்தது. என் மேசைமேல்தான் இருக்கிறது, பிரிக்கக்கூட இல்லை. நான் திருந்திவிட்டேன் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும். வெள்ளிக்கிழமை சூளை மூட்டுகிறார்கள்.

யாரிடமும் எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கில்லை. உங்களுக்கு இதழை அனுப்பும் அதே நாளில், அக்காவுக்குரிய பிரதியையும் நானே தபாலில் சேர்ப்பேன். முகவரி அவர் கொடுத்ததுதான்: மே/பா வெண்களி.