கிருமி போனதும் வந்த பசி

கேளம்பாக்கத்தில் மீன் விற்று முடித்த இரண்டு பெண்கள், காலிக் கூடைகளோடு கோவளம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் சொன்னாள்: "வயித்துல கிருமி இருந்த வரைக்கும் நிம்மதியா இருந்தேன்க்கா. இப்பத்தான் பேஜாரா கீது."

"இன்னாடி கஸ்தூரி ஒளர்ற?"

"கிருமி சாவுறதுக்குக் குடுத்த மாத்திரை முடிஞ்சி ரெண்டு மாசமாவுது. கொலப்பசி பசிக்குது. சக்கரையோன்னு பயந்து டாக்டராண்ட போனேன். சக்கரை இல்லியாம். அந்தக் கிருமி இருந்தா, பசியத் தூண்டுற ஹார்மோன் சில பேருக்குக் கொறஞ்சிடுமாம். கிருமி போனா அது ஏறுமாம்."

"நல்லதுதான?"

"இன்னா நல்லது? எல்லாரும் துன்னுட்டு நான் ஒக்காந்தா சட்டி காலி. நான் துன்ன மாட்டேன்னே வூட்ல பழகிட்டாங்க. கேக்க வெக்கமா கீது. தண்ணியக் குடிச்சிட்டுப் படுக்குறேன்."

"தெருத்தெருவா கூவி மீன் விக்கிற. வூட்ல சோறு கேக்க வாயில்லியா?"

கஸ்தூரி சிரித்துவிட்டாள். கைபேசியை எடுத்துக் கணவரை அழைத்தாள்.

"யோவ், ஒலை வெச்சிட்டியா? இன்னும் ரெண்டு ஆழாக்கு அரிசி சேத்துப் போடு."

அவர் ஏதோ கேட்டார்.

"விருந்தாளியெல்லாம் யாரும் வரல. நான்தான் வரேன்."