பாதம் மூடாத போர்வை

தேநீர் நன்றாக இருக்கிறது தம்பி. சர்க்கரைதான் ஒரு கரண்டி கூடிவிட்டது. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கிவி என்ற பறக்காத பறவையின் இறகில் போர்வை பின்னுகிறவள். பறவையைக் கொல்வது எங்களுக்கு ஆகாது. காட்டில் தானாகச் செத்துக் கிடப்பதைக் கொண்டுவந்து தருவார்கள். மந்திரம் சொல்லி இறகெடுப்பேன். வனக்காவலன் தாமஹூ என் அண்ணன் மகன். அவன்தான் கொண்டுவருவான்.

என் மகள் மெரேயானாவுக்கும் அந்தக் காட்டில்தான் வேலை. இருட்டத் தொடங்கியதும் உட்கார்ந்து, எத்தனை கிவி கூவுகிறது என்று விரல் மடக்கி எண்ணுவாள். புற்றுநோயில் படுத்த பிறகும் ஜன்னலைத் திறந்துவைத்து எண்ணினாள். வசந்தத்தைத் தாண்டமாட்டாள் என்றார் டாக்டர்.

"என்னை உன் போர்வையிலதாம்மா மூடணும். முடிச்சிருவியா?" என்றாள்.

"முடிக்காம விட்ருவேனா?" என்றேன்.

பாதிகூட ஆகியிருக்கவில்லை. அந்த வருஷம் பார்த்துப் பறவை ஒன்றும் சாகவில்லை.

எங்கள் நாய் மோகோ பரம சாது. ஆனால் கிவியின் மார்பு மெல்லியது, நாய் விளையாட்டாகக் கவ்வினாலே செத்துவிடும். இறகும் கெடாது. ஒரு மதியம் மகள் தூங்கும்போது மோகோவைக் காட்டோரம் கூட்டிப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். நான் எந்தப் பறவையையும் தொடவில்லை.

மறுநாள் தாமஹூ மூன்றைக் கொண்டுவந்தான். "ஒலகத்துல வேற எங்கயும் இல்லாத பறவை அத்தை! எந்தப் பாவியோட நாயோ, கையில கெடைக்கட்டும்" என்று தேம்பித் தேம்பி அழுதான். மீன் வறுத்துக் கொடுத்து ஆறுதல் சொன்னேன். அடுத்த வாரம் ஐந்து. அப்புறம் நான் எண்ணவில்லை. எதிர்வீட்டு நாயைச் சந்தேகப்பட்டுச் சுட்டார்கள். பாவம், அது நொண்டி. நான் வாய் திறக்கவில்லை. போர்வை முழங்காலைத் தாண்டியிருந்தது.

கடைசி நாள் இருட்டும் நேரம். மெரேயானா கையைக் கம்பளிக்கு மேலே வைத்துக் காத்திருந்தாள்.

"ஏம்மா, ஒண்ணுகூடக் கூவலையே. எனக்குத்தான் காது போச்சா?"

"வெளில காத்துடி. நாளைக்குக் கேக்கும், தூங்கு."

ஒரு விரல்கூட மடக்காமல் போய்ச்சேர்ந்தாள். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது தம்பி, பெற்றவள் இல்லையா.

போர்வை கணுக்கால்வரைதான் வந்தது. எங்கள் வழக்கப்படி அடக்கத்துக்கு முன் மூன்று நாள் ஊரே வந்து பார்த்தது, பாதம் வெளியே தெரிந்தது. அந்தக் காட்டில் இன்னும் இரண்டு பறவை மிச்சமிருந்திருந்தால், என் பிள்ளையை முழுசாக மூடியிருப்பேன்.