பத்துக்கு நாலு

எங்கள் வீட்டில் டிவி சத்தம் எப்போதும் அளவாகத்தான் இருக்கும், மேடம். கீழ்வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், ஒருநாள்கூட வந்து கதவைத் தட்டியதில்லை. வீட்டில் கேட்ட சத்தமெல்லாம் அக்காவுடைய சத்தம்தான்.

அக்கா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விடைத்தாள் திருத்திப் பழகிய கை சும்மா இருக்குமா? நாடகங்களைத் திருத்த ஆரம்பித்தாள். கதாநாயகி அழுதால், "பத்துக்கு ரெண்டு. ஒரு கண்ணுல மட்டும்தான் தண்ணி வருது பாரு." வில்லன் செத்தால், "பத்துக்கு அஞ்சு. செத்தவன் மூச்சு விடுறான்." அக்கம்பக்கத்தில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். எனக்கும் ஒரு பெயர் உண்டு. மண்டு. அதை அக்கா மட்டும்தான் சொல்வாள். ஆனால் யார் முன்னாலும் சொல்வாள்.

நான் துணி திருத்தித் தைக்கிறவள். இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, நீளத்தைக் குறைப்பது. முன்னறையில் ஜன்னலோரம் என் மெஷின், எதிரே டிவி, நடுவில் அக்காவின் நாற்காலி. நான் தைத்துக்கொண்டே பார்ப்பேன். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. கேட்காமல் சொன்னால், "நீ ஊசியப் பாரு, மண்டு. விரல்ல ஏத்திக்கப் போற" என்பாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வீட்டு நடைமுறை தெரிந்தால் உங்களுக்கு எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும் என்றுதான்.

அந்தத் தொடருக்கு வருகிறேன். அப்பா அம்மா இல்லாத வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவள், சின்னவள். சின்னவளைப் பிடித்துப்போய் ஒரு லாரி டிரைவர் பெண் கேட்டு வருகிறான். பெரியவள் வாசலிலேயே மறித்து, அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது என்று பொய் சொல்லி அனுப்பிவிடுகிறாள். சின்னவள் அவனுக்காகக் காத்திருந்து காத்திருந்து தலை நரைக்கிறாள்.

அந்த வாசல் காட்சி ஓடும்போது நான் ஒரு கோட்டுக்கு உள்துணி வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போல் மார்க் போட்டாள்.

"பத்துக்கு நாலு. இதெல்லாம் ஒரு பொய்யா? நிச்சயமாயிடுச்சுன்னு சொன்னா அவன் நாலு பேர்கிட்ட விசாரிப்பான், திரும்ப வந்து நிப்பான். நான் உன் டிவி ரிப்பேர்காரன்கிட்ட சொன்னேன் பாரு, உனக்கு வலிப்பு நோய்னு. அப்புறம் இந்தப் பக்கம் தலை வெச்சானா?"

டிவி ரிப்பேர்காரர் யார் என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் எங்கள் டிவியில் கோடு கோடாக ஓடியது. சரிசெய்ய வந்தவர், சரியான பிறகும் வந்தார். ஸ்குரூவையெல்லாம் உதட்டில் கவ்விக்கொண்டு வேலை பார்ப்பார், அதனால் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் எல்லாவற்றையும் உள்ளங்கையில் துப்பிவிட்டு, "உங்க தையல் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே கண்டுபிடிக்க முடியலைங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மனசு மாறிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டேதான் இவ்வளவு வயதும் ஆயிற்று.

நான் கத்தவில்லை, மேடம். கையில் இருந்த தையலை முடித்து, நூலைக் கத்தரித்தேன். பிறகு கேட்டேன், "அது தப்புன்னு உனக்குத் தோணலையாக்கா?"

"எதுக்குத் தோணணும்? உன் மூஞ்சிக்கு அவன் எத்தன நாள் தாங்குவான்? திரும்ப இங்கதான வந்து நிப்ப. நான் செஞ்சது சரி. அவ செஞ்சதும் சரி. என்ன, அவளுக்குச் சாமர்த்தியம் பத்தாது. சத்தத்தக் கொஞ்சம் கூட்டு."

கூட்டினேன்.

அந்தத் தொடரின் கடைசிப் பகுதியில் பெரியவள் படுத்த படுக்கையாகி, சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் செஞ்சது தப்புடி" என்று சொல்வாள். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும். அக்கா அதற்குப் பூஜ்யம் போட்டாள். "எந்தப் பெரியவ இப்படிக் கெஞ்சுவா? கதை எழுதினவனுக்குக் கூடப்பிறந்தவ கிடையாதுபோல" என்றாள்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது வேறொரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோது. மார்க் சொல்ல வாயைத் திறந்தவள், சொல்லவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நாடகம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. முடிந்ததும் ஆம்புலன்சுக்கு போன் செய்தேன். இதை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. நீங்கள் ஒன்றையும் விடாமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

உயிர் பிழைத்தாள். பேச்சும் கைகாலும் போய்விட்டன. புத்திக்கு ஒன்றுமில்லை, எல்லாம் புரியும் என்றார்கள். தண்ணீராகக் கொடுத்தால் புரையேறும், மாவு கலந்து கெட்டியாக்கி ஸ்பூனால் அடிக்கடி புகட்ட வேண்டும், உடம்பு வற்ற விடக்கூடாது என்று டாக்டர் திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நானும் அக்காவும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இமையை ஒருமுறை மூடித் திறந்தால் ஆமாம். இரண்டு முறை என்றால் இல்லை. முன்னறையில் அவள் நாற்காலி இருந்த இடத்தில் கட்டிலைப் போட்டேன். டிவி தெரிய வேண்டுமே.

அந்தத் தொடர் முழுவதும் இணையத்தில் இருக்கிறது. முதலிலிருந்து போட்டேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்கள் எங்கள் வீட்டில் ரொம்ப அமைதியாக இருந்தன. முதன்முறையாக நான் அபிப்பிராயம் சொன்னேன், அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னவளின் நடிப்பு எப்படி, பெரியவளின் குரலில் எங்கே பொய் தெரிகிறது, எல்லாம் விளக்கினேன். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் மாவு கலந்த தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

"அக்கா, பெரியவ செஞ்சது தப்புதான?"

இரண்டு முறை மூடுவாள்.

கிண்ணத்தைத் திரும்ப மேஜைமேல் வைத்துவிடுவேன். அவளுக்குத் தெரிகிற இடத்தில்தான் வைத்தேன். ஒளித்தெல்லாம் வைக்கவில்லை. அடுத்த பகுதியைப் போடுவேன். நான் எதையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு இமையை ஒருமுறை அசைக்க எவ்வளவு நேரமாகும்? உதடு வெடித்து, நாக்கு தோல் செருப்பு மாதிரி ஆன பிறகும் அவள் இரண்டு முறைதான் மூடினாள். பிடிவாதத்துக்கு மார்க் போடுவதானால் அக்காவுக்குப் பத்துக்குப் பத்து. அடியோடு நிறுத்திவிட்டேன் என்று யாராவது சொன்னால் அது பொய். பகல் வேளையில் இரண்டு ஸ்பூன் கொடுத்துவந்தேன். கேள்வி கேட்க ஆள் வேண்டுமே.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் இருந்தாளே, உங்களிடம் புகார் கொடுத்தவள், கலகலப்பான பெண். முதல் நாளே மாடிப்படியில் வைத்து அவளுக்கு எங்கள் ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். மாற்றிச் சொன்னேன். ஒருமுறை மூடினால் இல்லை, இரண்டு முறை மூடினால் ஆமாம் என்று.

"என்ன டீச்சர், தங்கச்சி பட்டினி கிட்டினி போடுறாங்களா?" என்று விளையாட்டாகக் கேட்பாள். அக்கா ஒருமுறை மூடுவாள், அழுத்தமாக. நர்ஸ் சிரிப்பாள். "இல்லையாம்! நல்லா தண்ணி குடிக்கிறீங்களா?" அக்கா இரண்டு முறை மூடுவாள். "சமத்து! இப்படியே இருக்கணும்." அக்காவின் உதட்டைப் பார்த்து முகம் சுளித்தபோது, "வாயாலயே மூச்சு விடுறா, காஞ்சு போயிடுது" என்றேன். நம்பிவிட்டாள். அக்காவின் கண்ணோரம் ஈரமானபோது, "பாருங்க, தங்கச்சி மேல எவ்வளவு பாசம்" என்று துடைத்தும் விட்டாள்.

நான் ஒன்றை மறந்துவிட்டேன். அக்கா கணக்கு டீச்சர். தவறான விடை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தால், எங்கே குறி மாறியிருக்கிறது என்று தேடுகிறவள்.

நேற்று நர்ஸ் வந்தாள். "தாகமா இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். என் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், நிதானமாக, இரண்டு முறை மூடினாள்.

நர்ஸ் கிண்ணத்தை எடுத்தாள். அக்கா குடித்த விதத்தைப் பார்த்து அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "தங்கச்சி நல்லா பாத்துக்கறாங்களா?" என்றாள் மெதுவாக. அக்கா ஒருமுறை மூடினாள்.

"கொஞ்ச நாளா குழப்பமா இருக்கா. எதக் கேட்டாலும் மாத்திச் சொல்றா" என்றேன்.

நர்ஸ் அக்கா பக்கம் திரும்பினாள். குனிந்து, "டீச்சர், நான் ஆம்பளையா?" என்றாள். ஒருமுறை. "எட்டும் ஏழும் பதினஞ்சா?" இரண்டு முறை. அக்காவின் முகத்தில் அந்தப் பழைய தோரணையைப் பார்த்தேன், மேடம். படுத்த படுக்கையிலும் என்னைத் திருத்திவிட்ட தோரணை. மண்டு என்று வாய்விட்டுச் சொல்லாததுதான் பாக்கி.

நர்ஸ் பையை மாட்டிக்கொண்டாள். "காலையில டாக்டரக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் கேட்டப்பல்லாம் தண்ணி குடுங்க" என்றாள். அப்போதே ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை என்று அவளைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

எனக்கு இருந்தது ஒரு சாயங்காலம்தான். பார்க்க வேண்டிய பகுதிகள் நிறைய இருந்தன. அவற்றைத் தாண்டி நேராகக் கடைசிப் பகுதியைப் போட்டேன். தலையணையை உயர்த்தி, அக்காவின் முகத்தை டிவி பக்கம் திருப்பி, நழுவாமல் இருக்கப் பக்கத்தில் துணிச்சுருளை முட்டுக் கொடுத்தேன். அவள் மூச்சு ஒரு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. காட்சிக்கு நடுவில் அது தொந்தரவாக இருந்ததால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அளவாகத்தான்.

பெரியவள் கையைப் பிடித்து அழுதாள். சின்னவள் மன்னித்தாள். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. நான் கிண்ணத்தையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நாடகத்த விடு. நீ செஞ்சது தப்புதான?"

நெடுநேரம் என்னையே பார்த்தாள். பிறகு ஒருமுறை இமையை மூடினாள். இரண்டாவது முறை மூடவில்லை.

நான் சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை. உடனே ஒரு ஸ்பூன் கொடுத்தேன். வாயோரமாக வழிந்துவிட்டது. இன்னொன்றும் கொடுத்தேன், அதுவும் வழிந்தது. ஒத்துக்கொண்ட பிறகு அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

தண்ணீர் தராமல் சாக விட்டவள் நான்தான். அதில் எனக்கு மறுப்பில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அக்கா கடைசியில் ஒத்துக்கொண்டாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒருமுறை மூடினால் ஆமாம். திறக்கவில்லையே, அது பதிலே இல்லை என்று நர்ஸ் சொல்கிறாளாம். அக்காவோடு உட்கார்ந்து இத்தனை காலம் நாடகம் பார்த்தவள் அவளா, நானா?